கரும்புக்காட்டு ஊரில் ஒரு துப்பறியும் கதை: பழைய ரகசியத்துக்கு வயது கணக்கிடுவது எப்படி?

ரத்தம் தெறிக்காத, சின்ன ஊரில் நடக்கிற, போலீஸ்காரர் அல்லாத ஒருவர் துப்புத் துலக்குகிற கதைகள் என்றால் எனக்கு உயிர். தென்னாப்பிரிக்காவில், நம் நேட்டால் வடகரையில் நடப்பதாக அப்படி ஒன்றை எழுதத் தொடங்கி ஏழாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டேன். எட்டு மாதம் கழித்துத்தான் வழி தெரிந்தது.

படி 1: ஊர்

வெருலம், டொங்காட் பக்கத்தில் ஒரு கற்பனை ஊரை வையுங்கள். மாரியம்மன் கோயில், ஒரே கடைத்தெரு, சுற்றிலும் கரும்பு. நிஜ ஊர்ப் பெயர் வேண்டாம். யாராவது தன் வீட்டுக் கதை என்று நினைத்து மனம் நோவார்கள்.

படி 2: துப்பறிபவர்

எந்த வீட்டுக்குள்ளும் நுழைய அவருக்குக் காரணம் இருக்க வேண்டும். என் கதையில் கோயில் சமையல்கட்டைப் பார்த்துக்கொள்ளும் சரசக்கா. ஆடிக் கூழுக்கு மாவு கேட்டு வீடு வீடாகப் போவார். பழைய நன்கொடைப் பேரேடுகள் இருக்கும் அலமாரிச் சாவியும் அவரிடம்தான்.

படி 3: ரகசியத்தின் வயது

நான் சிக்கியது இங்கேதான். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்த ட்ரூரோ என்ற கப்பல் முதல், இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றி வந்த கப்பல்களுக்குப் பயணிகள் பட்டியல் உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் உள்ள தழும்பு வரை அதில் எழுதியிருப்பார்கள். ஒருவன் பெயரில் இன்னொருவன் கப்பலேறினான் என்று ரகசியத்தை அமைத்தேன். ஆனால் அது வெளியே வந்தால் இன்று யாருக்கு நட்டம்? ஒப்பந்தக் கூலிகளை இறக்குவது 1911-இலேயே நின்றுவிட்டது. கடைசிக் கப்பலில் கைக்குழந்தையாக வந்தவர்கூட இன்று இருக்க முடியாது. பயப்பட ஆள் இல்லாததால் என் கதையில் வரும் கொலைக்குக் காரணமே இல்லாமல் போயிற்று.

ஆகவே பின்னாலிருந்து எண்ணுங்கள். கதை நடப்பது 2024. ரகசியம் காப்பவருக்கு 80 வயது. அவர் பொய் சொன்னது 22 வயதில் என்றால் அது 1966. எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தைக் காட்டி, டர்பனில் கேட்டோ மேனர் பகுதியின் இந்தியக் குடும்பங்களைச் சாட்ஸ்வொர்த் பகுதிக்குப் பெயர்த்த காலம் அது. பெட்டி தொலைந்தது, காகிதம் தொலைந்தது, அண்டை அயலார் சிதறினார்கள். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத கல்யாணத்தைச் சட்டம் அப்போது ஏற்கவில்லை. இதையெல்லாம் படித்தபோது என் ஆயா தன் கல்யாணத்தைப் பற்றிப் பேசாமல் இருந்ததுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே என் கதையில் ரகசியம் காப்பவர், முதல் மனைவியை மறைத்து, இரண்டாவது கல்யாணத்தை மட்டும் பதிந்த ஒருவர். அவர் வீட்டில்தான் இன்று இரண்டாம் குடும்பம் இருக்கிறது. இப்போது பயப்பட ஆள் கிடைத்துவிட்டார்.

கப்பல் பட்டியலையும் விடவில்லை. அண்ணனுக்குத் தகப்பன் பெயரும் தம்பிக்குத் தாத்தா பெயரும் குடும்பப் பெயராகப் பதிவான வீடுகள் நம்மிடம் உண்டு. அந்தப் பெயர்களைக் கப்பல் பட்டியலோடு ஒப்பிட்டுத்தான் இரு குடும்பமும் ஒன்று என்று சரசக்கா கண்டுபிடிக்கிறார்.

படி 4: துப்பு

ஊர்க்காரருக்கு மட்டும் தெரிந்ததைத் துப்பாக்குங்கள். தைப்பூசக் காவடிக்கு முந்தின நாள் வீட்டில்தான் இருந்தேன், கரும்பு எரித்த சாம்பல் கொடித்துணியில் விழுந்தது, எடுத்து மறுபடி துவைத்தேன் என்று ஒருவர் சொல்கிறார். வெட்டுவதற்கு முன் கரும்பைக் கொளுத்துவது இங்கே வழக்கம்; ஆனால் சர்க்கரை ஆலைகள் அரைப்பது ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை. தை மாதத்தில் வெட்டுக்காக யாரும் கரும்பைக் கொளுத்துவதில்லை, ஆகவே அவர் சொல்வது பொய்.

கருவிகள்

வயதுக் கணக்குக்குக் கூகுள் ஷீட்ஸ்: ஆளுக்கு ஒரு வரிசை, ஆண்டுக்கு ஒரு நெடுவரிசை. துப்புகளைக் கோடு போட்ட நோட்டில் கையால் எழுதுங்கள். இடப்பக்கம் துப்பு, வலப்பக்கம் அது வரும் அத்தியாயம். நாவலுக்கென்றே விற்கும் மென்பொருள் தொடக்கத்தில் வேண்டாம். அதைக் கற்பதிலேயே எனக்கு இரண்டு மாதம் போனது.

பின்னர் சேர்த்தது: தமிழ்நாட்டிலிருந்து ஒரு வாசகி, ஆலை மூடும் மாதம் தனக்கு எப்படித் தெரியும், இது ஏமாற்று இல்லையா என்று கேட்டிருந்தார். சரியான கேள்வி. இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு வரி சேர்த்தேன். ஆலையில் வேலை பார்க்கும் தம்பி மகன், அரைப்பு முடிந்து பழுதுபார்ப்பு நேரம் என்பதால் சீக்கிரம் வீடு வந்து, சரசக்காவுக்குத் தேங்காய் துருவிக் கொடுக்கிறான்.