சிஸ்டர் ஸ்கூலில் படிக்கும் பிள்ளைக்கு அரசு உதவித்தொகை வாங்குவது எப்படி?

கடலூரில் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால், ஜூன் ஜூலை மாதங்களில் யாராவது ஒருவர் பிளாஸ்டிக் கவரில் சான்றிதழ்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு என்னிடம் வருவார். "எம் பொண்ணு சிஸ்டர் ஸ்கூல்ல படிக்குது, அதுக்கு கவர்மெண்ட் பணமெல்லாம் வராதாமே?" கன்னியாஸ்திரிகள் நடத்தும் கத்தோலிக்கப் பள்ளியைத்தான் சிஸ்டர் ஸ்கூல் என்கிறார்கள். தேவனாம்பட்டினத்திலிருந்து வருபவரும் இதைத்தான் கேட்கிறார், மஞ்சக்குப்பத்துக்காரரும் இதைத்தான் கேட்கிறார். வரும். ஆனால் பிள்ளை எந்தப் பிரிவில், எந்த மொழி வழியில் படிக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் வரும், அதைத் தெரிந்துகொள்ளாமல் இ-சேவை மையத்துக்கு அலைந்து பிரயோஜனம் இல்லை.

முதலில் கேட்க வேண்டியது: எய்டடா, சுயநிதியா?

நேராக ஹெச்.எம். சிஸ்டரிடமோ ஃபாதரிடமோ போய், "என் பிள்ளையின் வகுப்பு அரசு உதவிபெறும் பிரிவா?" என்று கேளுங்கள். பள்ளியைப் பற்றி இல்லை, வகுப்பைப் பற்றிக் கேளுங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் தமிழ்வழி எய்டடாகவும், ஆங்கிலவழி சுயநிதியாகவும் இருக்கும், சீருடைகூட ஒன்றாக இருக்கலாம். எய்டட் என்றால் ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, பாடநூலும் சத்துணவும் உண்டு. காலை உணவுத் திட்டம்கூட 2024 ஜூலையில் கிராமப்புற உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் கத்தோலிக்கப் பள்ளியில் சேர்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இலேயே சொல்லிவிட்டது.

ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவு

ஐந்தாம் வகுப்பு முடிந்ததும், "இனிமே இங்கிலீஷ் மீடியத்துல போட்டுடலாம்" என்று நிறைய வீடுகளில் முடிவெடுக்கிறார்கள். தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள். உதவிபெறும் பள்ளியில் 6 முதல் 12 வரை தமிழ்வழியில் படித்த பையன் கல்லூரிக்குப் போனால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பெண் பிள்ளைகளுக்கு இதேபோல் கல்லூரியில் பணம் தரும் புதுமைப்பெண் திட்டம் முதலில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது, 2024 டிசம்பர் முதல் உதவிபெறும் பள்ளித் தமிழ்வழி மாணவிகளுக்கும் உண்டு. நடுவில் இரண்டு வருடம் மீடியம் மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும், பன்னிரண்டாவது முடித்தபிறகு யாரிடம் போய்க் கேட்டாலும் திரும்பி வராது.

காகிதங்கள்

வருமானச் சான்று: இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணம். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் அலுவலகம் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். மீன்பிடித் தொழில், கொத்தனார் வேலை, வீட்டு வேலை என்றால் சம்பளச் சீட்டு இருக்காது, அதனால் விண்ணப்பம் போட்ட கையோடு விஏஓவை நேரில் பார்த்து என்ன வேலை, மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைக்கும் என்று சொல்லிவிட்டு வாருங்கள். கடைசித் தேதிக்கு முந்தின வாரம் போய் நின்றால் கிடைக்காது, பள்ளி திறந்ததுமே போட்டுவிடுங்கள்.

அப்புறம் சாதிச் சான்று. எனக்கு மனசு ரொம்பக் கஷ்டப்படுவது இந்த இடத்தில்தான். ஆதிதிராவிடர் குடும்பம் கிறித்தவர்களாக இருந்தால் சான்றில் பிற்படுத்தப்பட்டோர் என்றுதான் வரும், 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறித்தவருக்கு எஸ்.சி. தகுதி இல்லை. அதைப் பார்த்ததும், "நமக்கு எஸ்.சி. ஸ்காலர்ஷிப் கிடையாது" என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் பதினொன்றாம் வகுப்பிலிருந்து தரப்படும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளையும் தமிழ்நாடு அரசு சேர்த்தே வைத்திருக்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பள்ளியில், "நாங்கள் மதம் மாறிய ஆதிதிராவிடர்" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை, உங்கள் பிள்ளைக்கு உரியதைத்தான் கேட்கிறீர்கள்.

எட்டாம் வகுப்பு: என்எம்எம்எஸ் தேர்வு

என்எம்எம்எஸ் என்பது தேர்வு எழுதி வாங்கும் மத்திய அரசின் உதவித்தொகை, அதனால் கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் உண்டு. (மேலே சொன்ன தமிழ்நாட்டுத் திட்டங்கள் புதுச்சேரிப் பள்ளிக்குப் பொருந்தாது, எல்லையோரக் கிராமத்துக்காரர்கள் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் நினைவில் வையுங்கள்.) அரசு, உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பில் எழுதலாம். வருமான வரம்பு 3.5 லட்சம், ஏழாம் வகுப்பில் 55 சதவீத மதிப்பெண் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 50. மனத்திறன் 90 கேள்வி, பாடம் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை வருடம் 12,000 ரூபாய், நான்கு வருடத்துக்கு 48,000.

பாடக் கேள்வியைப் பிள்ளைகள் ஓரளவு சமாளித்துவிடுகிறார்கள், மனத்திறனில்தான் தடுமாறுகிறார்கள். எண் தொடர், உருவ வரிசை, திசை இதெல்லாம் பழைய வினாத்தாளை வைத்து ஜூலையிலிருந்தே தினம் இருபது நிமிடம் போட்டால் போதும். தேர்வானதோடு வேலை முடியாது. தேசிய உதவித்தொகை இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும், ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பையன் பத்தாம் வகுப்பில் புதுப்பிக்காமல் விட்டு, அந்த வருடப் பணத்தை இழந்தான். பத்தாவதில் 60 சதவீதம் எடுத்தால்தான் மேலே தொடரும், எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு 55.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது?

ஆதாரோடு கடைசியாக இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் போகும், விண்ணப்பத்தில் எழுதிய கணக்குக்குப் போகும் என்று நம்பி உட்கார வேண்டாம். பிள்ளை பெயரில் கணக்கு இருக்கட்டும், ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவில் உள்ள பெயரும் இன்ஷியல் உட்பட ஒன்றாக இருக்கட்டும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, ஆதார் பெயர் ஒன்று என்று இருக்கிற வீடுகள் இதை முதலில் சரிசெய்யுங்கள்.

கடைசியாக ஒன்று, யாருக்கும் தேவைப்படக் கூடாது, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். அரசு, உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டாலோ, அந்தப் பிள்ளையின் பேரில் 75,000 ரூபாய் வைப்புத்தொகை போட அரசுத் திட்டம் இருக்கிறது. பள்ளி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அந்த நேரத்தில் அந்த வீட்டில் யாராலும் எழுந்து நடக்கக்கூட முடியாது, அதனால் பக்கத்து வீட்டில் இருக்கும் நீங்கள்தான் ஹெச்.எம்.மிடம் போய்க் கேட்க வேண்டும்.