ஜப்பான் அம்பிளிபயர் வாங்கப் போகிறீர்களா? முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பாவித்த ஓடியோ சாமான் விற்கும் கடைக்குள் போனால், "இது ஒறிஜினல் ஜப்பான் அண்ணை, சைனா இல்லை" என்றுதான் பேச்சே தொடங்கும். எங்கள் வீட்டில் ஒரு ஜப்பான் அம்பிளிபயரை ஒழுங்காக ஓட வைத்த பிறகு, சொந்தக்காரருக்கும் அயலவருக்கும் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதை விட, எந்த நாட்டு மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது என்பதே முக்கியம்.

1. நாட்டின் பெயரை ஒரு பக்கம் வையுங்கள்

வார்ஃபடேல் 1932இல் இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் தொடங்கிய நிறுவனம். இன்று அதன் ஸ்பீக்கர்கள் சீனாவில் தயாராகின்றன, நன்றாகவும் ஒலிக்கின்றன. யமஹாவின் ரிசீவர்கள் (ரேடியோவும் சேர்ந்த அம்பிளிபயர்கள்) பல மலேசியாவில் இருந்து வருகின்றன. வடிவமைத்தவர் யார், எந்த விலைக்காக வடிவமைத்தார் என்பதில்தான் ஒலி தங்கியிருக்கிறது. பெயர் தெரியாத பெட்டியில் "5000 வோட்" என்று ஒட்டியிருந்தால் மட்டும், அது எந்த நாட்டில் செய்ததாக இருந்தாலும் வாங்காதீர்கள்.

2. மின்வயர் புறப்படும் இடத்தில் உள்ள தகட்டை வாசியுங்கள்

கைபேசி வெளிச்சத்தை அடித்து, வோல்ற் இலக்கத்தைத் தேடுங்கள்.

220, 230, 240 என்று இருந்தால் கவலை இல்லை. லண்டன், ஜேர்மனி, சுவிஸ், பிரான்ஸ் உறவினர் அனுப்பும் சாமான்கள் பெரும்பாலும் இந்த வகை. பிளக் பொருந்தாவிட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். 100–240 என்று இருந்தாலும் நேரே செருகலாம்.

100 என்று மட்டும் இருந்தால் அது ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கானது. 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் (மின் ஒரு செக்கனில் எத்தனை தடவை அலைகிறது என்ற அளவு) என்றால் கனடா அல்லது அமெரிக்கா. இரண்டையும் எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகினால் பெட்டி கருகும். தட்டைக் கால் பிளக்குக்குக் கடையில் விற்கும் சிறிய அடப்டர் காலின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது. கடைக்காரர் "அடப்டர் போட்டால் சரி" என்றால் அந்தக் கடையை விட்டு வெளியே வாருங்கள்.

3. சரியான ட்ரான்ஸ்போமர்

இப்படிப்பட்ட பெட்டிக்கு எங்கள் 230 வோல்ற்றைக் குறைத்துத் தரும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். இங்கே அவசரப்பட வேண்டாம். கடைகளில் எளிதாகக் கிடைப்பது 110 வோல்ற் ட்ரான்ஸ்போமர். "ஜப்பானுக்கும் இதுதான்" என்று சொல்லித்தான் கொடுப்பார்கள். கணக்கைப் பாருங்கள். லைனில் 230 வரும்போது 110 தருவது, 240 வரும்போது ஏறத்தாழ 115 தரும். 100 வோல்ற்றுக்குச் செய்த அம்பிளிபயருக்கு அது பதினைந்து வீதம் கூட. உடனே எரியாது. ஆனால் மூடி சுடும், உள்ளே மின்னைச் சேமிக்கும் கப்பாசிற்றர்கள் நாளாக ஆகக் காயும். ட்ரான்ஸ்போமருக்குக் கம்பி சுற்றிக் கட்டும் ஆளிடம் 100 வோல்ற் என்று சொல்லிக் கட்டுவித்தால் 240இலும் 104 தான் வரும். நான் எப்போதும் கட்டுவிப்பதையே விரும்புவேன்.

அளவையும் கேட்டு வாங்குங்கள். அம்பிளிபயரின் தகட்டில் 180 வோட் என்றால் ட்ரான்ஸ்போமர் 300 விஏ (அது தாங்கும் சுமையின் அளவு) குறைந்தபட்சம், 500 என்றால் நிம்மதி. வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்பிளிபயரைச் செருகாமல், ட்ரான்ஸ்போமரில் இருந்து வெளியே வரும் வோல்ற்றை மின் அளக்கும் மீற்றரால் அளந்து பாருங்கள். மீற்றர் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

சில பெட்டிகளின் பின்னால் வோல்ற் தெரிவு சுவிட்ச் இருக்கும். அது இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பிளக்கைக் கழற்றிய பிறகு திருகாணியால் 230 அல்லது 240க்குத் திருப்பினால் ட்ரான்ஸ்போமரே தேவையில்லை.

4. ரேடியோ

தொண்ணூறுகளில் பற்றரி கிடைக்காமல், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட வன்னி இது. ரேடியோ எடுக்காத ரிசீவரில் எங்கள் பெரியவர்களுக்குத் திருப்தி வராது. ஜப்பானின் பழைய எப்.எம். பட்டை 76இல் இருந்து 90 மெகாஹேர்ட்ஸ் வரைதான். எங்கள் நிலையங்கள் 88இல் தொடங்கி 108 வரை போகின்றன. ஆகவே பெரும்பாலானவை அதில் அகப்படாது. ரேடியோதான் முக்கியம் என்றால் ஐரோப்பாவுக்கு விற்ற பெட்டியைத் தேடுங்கள்.

5. ஸ்பீக்கர்

சாதாரண ஸ்பீக்கர் சுவர் மின்னில் ஓடுவதில்லை என்பதால் நாட்டுக் கேள்வியே எழாது. துணியைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள நுரை வளையத்தை விரலால் மெதுவாக அழுத்துங்கள். பொடியாக உதிர்ந்தால் அதைப் புதிதாக ஒட்ட வேண்டும். அந்தச் செலவைச் சொல்லி விலையைக் குறைக்கக் கேளுங்கள். இறப்பர் வளையம் எங்கள் வெக்கைக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

பிற்சேர்க்கை

இதை வாசித்துவிட்டு முல்லைத்தீவுப் பக்கத்தில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார்: மாமா கனடாவில் இருந்து இசைத்தட்டுச் சுழலி அனுப்பியிருக்கிறார், ட்ரான்ஸ்போமர் போட்டும் பாட்டு இழுபடுகிறது, ஏன்? ட்ரான்ஸ்போமர் வோல்ற்றைத்தான் குறைக்கும், ஹேர்ட்ஸை மாற்றாது. 60 ஹேர்ட்ஸ் ஏசி மோட்டார் எங்கள் 50இல் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். டிசி மோட்டார் உள்ள சுழலியில் இந்தச் சிக்கல் இல்லை. உங்களுடையது ஏசி மோட்டார், பெல்ட் வகை என்றால், 50 ஹேர்ட்ஸுக்கான மோட்டார்க் கப்பி (பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) அந்த மாதிரிக்குத் தனியாகக் கிடைக்கிறதா என்று மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், தங்கச்சி.

இன்னொருவர் சோலார் இன்வேட்டரில் ஓட்டும்போது உறுமல் கேட்கிறது என்கிறார். மலிவான இன்வேட்டர் தரும் மின்சாரத்தின் அலை, லைன் மின் போல வழுவழுப்பாக ஏறி இறங்கும் சைன் அலை அல்ல, ட்ரான்ஸ்போமர் அதில் உறுமத்தான் செய்யும். சைன் அலை இன்வேட்டருக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.