பாரிசில் சாப்பிட, குடிக்க, சுற்றிப்பார்க்க: புதிதாக வந்தவர்களுக்கு

பாரிசுக்கு வந்திறங்கும் தமிழர் யாருக்கும் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலைத் தேடிப்பிடிக்க வழிகாட்டி தேவையில்லை. கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், ஃபோபூர் சான் தெனி வீதியின் மேல்முனை, அதை ஒட்டிய காய் வீதி, பெர்தொனே வீதி, அவ்வளவுதான். இரண்டாம் இலக்க மெத்ரோவில் லா ஷபெல் நிலையத்தில் இறங்கி நடந்தால் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தெரியத் தொடங்கும். ஆனால் வந்து வருடக்கணக்காகியும் அந்த நாலு தெருவைத் தாண்டாதவர்கள் இருக்கிறார்கள். கேட்டால் “வெளியில எல்லாம் விலை” என்பார்கள். விலைதான். ஆனால் அதில் பாதி, முறை தெரியாததற்குக் கட்டும் காசு.

முதலில் நவிகோ என்ற பயண அட்டை

ஒரு தடவை மெத்ரோ ஏற 2025இல் 2.50 யூரோ, பஸ், ட்ராமுக்கு 2 யூரோ. ஜனவரியில் விலை கொஞ்சம் ஏறுவது வழக்கம். மெத்ரோ ரிக்கற்றில் இரண்டு மணித்தியாலத்துக்குள் மெத்ரோவிலிருந்து ஆர்.இ.ஆர். புறநகர் ரயிலுக்கு மாறலாம், பஸ்ஸுக்கு மாற முடியாது. புதியவர்கள் மாட்டுப்படுவது இங்கேதான்: மெத்ரோவுக்கு எடுத்த அதே ரிக்கற் போதும் என்று பஸ்ஸில் ஏறி, பரிசோதகரிடம் தண்டம் கட்டுவார்கள். தனி ரிக்கற்றுகளை 2 யூரோ கொடுத்து வாங்கும் நவிகோ ஈசி அட்டையில் ஏற்றிக்கொள்ளலாம். ஒரு அட்டையை ஒரே பயணத்தில் இரண்டு பேர் பாவிக்க முடியாது, ஆளுக்கொன்று வேண்டும்.

கிழமை அட்டைக்கு 2025இல் 31.60 யூரோ. அது திங்களிலிருந்து ஞாயிறு வரைதான், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை. வியாழன் வாங்கினால் ஞாயிறு இரவோடு முடிந்துவிடும். வெள்ளியிலிருந்து விற்பது அடுத்த கிழமைக்கு. மாத அட்டை, 2025இல் 88.80 யூரோ, முதலாம் திகதி தொடங்கி மாதக் கடைசி வரை. வேலைக்குப் போகிறவர் எப்படியும் இதை எடுக்கத்தான் போகிறார். பலர் கவனிக்காதது, எல்லா வலயங்களும் அதற்குள் அடக்கம் என்பதை. அதே அட்டையில் ஞாயிற்றுக்கிழமை அரண்மனைகள் உள்ள வெர்சாய்க்கும் ஃபோந்தென்புளோவுக்கும் ஒரு சதமும் கூடக் கொடுக்காமல் போய் வரலாம்.

லாச்சப்பலில் எதை, எப்படி

கொத்து ரொட்டி வாங்கும்போது, நீங்கள் சொன்ன பிறகு தட்டில் போட்டுக் கொத்துகிற கடையாகப் பாருங்கள். கொத்தி வைத்ததைச் சூடாக்கித் தருவது ஈரமாக, ஒட்டிக்கொண்டு இருக்கும். மட்டன் ரோலும் வடையும் காலையிலேயே நல்லது. பின்னேரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது எப்போது பொரித்தது என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: மீன் ரோலும் வடையும் பல இடங்களில் ஒரே எண்ணெயில்தான் பொரியும். சனி, ஞாயிறு பின்னேரங்களில் இருக்க இடம் கிடைப்பது பாடு. சின்னக் கடைகளில் குறைந்த தொகைக்கு வங்கி அட்டை எடுக்க மாட்டார்கள், சில்லறை வைத்திருங்கள்.

மலிவான காய்கறிக்குத் தமிழ்க் கடைக்கே போக வேண்டுமென்றில்லை. புதனும் சனியும் காலையில் பார்பெஸ் பக்கம், மெத்ரோ மேம்பாலத்துக்குக் கீழே சந்தை கூடும். கத்தரிக்காய், வெண்டிக்காய், மல்லித்தழை, புதினா எல்லாம் இருக்கும். மூடுகிற நேரம் நெருங்க விலை விழும், கூடவே சாமானின் தரமும் விழும். பெட்டியாகத் தந்தால் அடியில் இருப்பதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கஃபேயில் எட்டு யூரோ ஏன் போகிறது

உள்ளே நுழைந்ததும் “பொன்ஜூர்”. இதைச் சொல்லாமல் நேரே கோப்பி கேட்டால் பரிமாறுகிறவரின் முகம் மாறும்; அவருக்கு அது மரியாதைக் குறைவு. வெறுமனே “அன் கஃபே” என்றால் சின்னக் கோப்பையில் பால் இல்லாத கடுங்கோப்பி. துளி பால் வேண்டுமானால் “நுவாசெத்”, எங்கள் பால்கோப்பிக்குக் கிட்ட வருவது “கஃபே க்ரெம்”. அதே கோப்பிக்குப் பல கஃபேகளில் இரண்டு விலை இருக்கும்: நின்றபடி குடிக்கும் மேடையில் ஒன்று, மேசையில் இருந்தால் கூடியது. விலைப்பட்டியலில் “கொந்த்துவார்” என்று எழுதியிருப்பது நின்று குடிக்கும் விலை.

தண்ணீர் விஷயத்தில் கவனம். “தண்ணி” என்று மட்டும் கேட்டால், சாதாரணமா, காற்றடைத்ததா என்று திருப்பிக் கேட்பார். இரண்டுமே போத்தல், இரண்டும் பில்லில் ஏறும். “உன் கராஃப் தோ, சில் வு ப்ளே” என்று முழுதாகச் சொல்லுங்கள். சாப்பாட்டோடு கேட்டால் குழாய்த் தண்ணீர் கூசாவில் வரும், காசில்லை. பாணும் அப்படித்தான். சேவைக் கட்டணம் விலைக்குள்ளேயே இருக்கிறது. மேலே ஒன்றிரண்டு யூரோ வைப்பது உங்கள் விருப்பம், கடமை இல்லை.

தெருவில் தாகமெடுத்தால் பச்சை இரும்பில், நாலு பெண்சிலைகள் தாங்கும் சின்னக் கோபுரம்போல ஒன்றைத் தேடுங்கள். 1872இல் ரிச்சர்ட் வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் நகரத்துக்குக் கொடுத்த குடிநீர்க் குழாய்கள் அவை. குளிர்காலத்தில் உறைந்துவிடும் என்று அநேகமாக நிறுத்திவைப்பார்கள். தெருவோரப் பொதுக் கழிப்பறைகள் 2006 முதல் இலவசம். ஒருவர் வெளியே வந்ததும் கதவு மூடி உள்ளே கழுவும். பச்சை விளக்கு வரும்வரை நில்லுங்கள். அவசரத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நுழைந்தால் நனைவீர்கள்.

பிரெஞ்சுச் சாப்பாடு

நேரம்தான் முதல் பிரச்சினை. சமையலறை மதியம் 12 மணிக்குத் திறந்து இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும், பிறகு இரவு ஏழு மணிக்குத்தான். மூன்றரைக்குப் பசித்தால் பாண்கடை அல்லது லாச்சப்பல். மதியத்தில் “ஃபோர்முயுல்” என்று பலகையில் எழுதியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வகை சேர்த்த அந்த விலை, தனித்தனியே எடுப்பதை விடக் குறைவு. பழைய காலச் சாப்பாட்டு மண்டபம், அதே நேரம் கைக்கு அடக்கமான விலை என்றால் ஃபோபூர் மோன்மார்த்ர் வீதியில் 1896 முதல் இருக்கும் பூய்யோன் ஷர்த்தியே. வரிசை நீளம், வேகமாக நகரும். பில்லை மேசைக் கடதாசியிலேயே எழுதிக் கூட்டுவார்கள், அதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம்.

மாடு, பன்றி சாப்பிடாதவர்களை ஏமாற்றுவது பெயர்களே. “கிஷ் லொரேன்” பார்க்க முட்டைக் கேக் மாதிரி இருக்கும். உள்ளே இளஞ்சிவப்பாய்ச் சின்னச் சின்னத் துண்டுகள் தெரியும், அது “லார்தோன்”, பன்றி. சலாட்டிலும் அதைத் தூவுவார்கள். “க்ரோக் மெசியே”யில் பன்றித் தொடை, “ஹஷி பார்மோந்தியே”யில் உருளைக்கிழங்குக்குக் கீழே அநேகமாக மாட்டிறைச்சி. “தார்தார்” பச்சை மாட்டிறைச்சியே. “வெஜித்தேரியன்” என்று சொன்னால் மீன் கொண்டுவரும் ஆட்கள் இன்னும் உண்டு. ஆகவே “சான் வியாந்த், சான் ப்வாசோன்”, இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்லுங்கள். ரோசியே வீதியில் யூதர்களின் ஃபலாஃபெல் கடைகள் மரக்கறிக்காரருக்கு வயிறு நிறையத் தரும்; வெள்ளி மாலையிலிருந்து சனி பின்னேரம் வரை அங்கே பல கடைகள் பூட்டு.

பாண்கடையில் வெறும் “பகெத்” கேட்காமல் “த்ரதிசியோன்” கேளுங்கள். இருபது, முப்பது சதம் கூட. 1993 சட்டப்படி எந்தச் சேர்க்கையும் இல்லாமல், உறைய வைக்காமல் செய்தது. தனி ஆளென்றால் பாதி தரச் சொல்லலாம், வெட்டித் தருவார்கள். மறுநாள் அது கல்.

காசில்லாமல் பார்ப்பது

ஈஃபெல் கோபுரத்தில் ஏறுவது அவசியமில்லை என்பதே எங்கள் கட்சி. ஏறினால் அந்தக் கோபுரத்தைத் தவிர மற்றதெல்லாம் தெரியும். ஆறாம் இலக்க மெத்ரோவில் பாஸி நிலையத்திலிருந்து பிர் ஹக்கெய்ம் போங்கள். ரயில் வெளியே வந்து செயின் ஆற்றின் மேல் போகும், கோபுரம் பக்கத்திலேயே நிற்கும். இருட்டிய பிறகு ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மினுங்கும், அதை எதிர்க்கரையில் த்ரோக்காதெரோவிலிருந்து பாருங்கள். ஏறியே தீருவேன் என்றால் இரண்டாம் தட்டு வரை படியில் போகும் ரிக்கற் மலிவு, 674 படி.

கர்னவாலே, பெத்தி பலே இரண்டும் நகரசபையின் அருங்காட்சியகங்கள். நிரந்தரக் காட்சிக்கு எந்நாளும் இலவசம், திங்கள் மூடும். ஓர்சே மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், இணையத்தில் முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள். லூவ்ர் செவ்வாய் மூடும். பிரான்சில் வதிவிட அட்டை உள்ள 26 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு லூவ்ர் இலவசம். அட்டையைக் கையில் கொண்டுபோங்கள், கைபேசிப் படம் போதாது.

தமிழர் தவறவிடக்கூடாதது கிமே, ஆசியக் கலை அருங்காட்சியகம். ஒன்பதாம் இலக்க மெத்ரோவில் இயேனா நிலையம். சோழர் காலத்து வெண்கல நடராசர் அங்கே இருக்கிறார். கோயிலில் பட்டும் மாலையும் மறைப்பதை இங்கே நெருங்கி நின்று பார்க்கலாம்: விரிந்த சடை, காலடியில் முயலகன், திருவாசியின் சுடர்கள். முதல் ஞாயிறு இதுவும் இலவசம், செவ்வாய் மூடும்.

நோத்ர் தாம் பேராலயம் 2019 தீக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்தது. உள்ளே போகக் காசில்லை, வெளியே வரிசைக்குள் நின்று ரிக்கற் விற்பவர் ஏமாற்றுக்காரர். வெர்சாயில் அரண்மனை திங்கள் மூடும். நவம்பர் முதல் மார்ச் வரை முதல் ஞாயிறுகளில் இலவசம்.

லாச்சப்பலிலிருந்து நடந்தே போகக்கூடியவை இரண்டு: பார்பெஸ் வழியாக சாக்ரே கேர் தேவாலய மேடு, ஸ்தாலின்கிராத் வழியாக லா வில்லெத் கால்வாய்க் கரை. சாக்ரே கேர் படியடியில் கையில் நூல் கட்ட வருவார்கள்; கட்டியபின் காசு கேட்டு விடமாட்டார்கள். கையைச் சட்டைப்பைக்குள் வைத்து நில்லாமல் நடவுங்கள். மெத்ரோவில் கதவோரம் நின்று கைபேசி பார்க்காதீர்கள், கதவு மூடும் நொடியில் பறித்துக்கொண்டு குதிப்பார்கள்.

பஜோல் வீதி மாணிக்க விநாயகர் ஆலயம் 1985இல் தொடங்கியது. தேர், ஓகஸ்ட் கடைசி அல்லது செப்டெம்பர் தொடக்க ஞாயிறு. தேங்காய்ச் சிதறல் தெரு முழுக்க, தடித்த அடி உள்ள செருப்புப் போடுங்கள். தேரன்று லாச்சப்பலுக்கு வாகனம் கொண்டுவருவது வீண்.

இரவு மெத்ரோ சாதாரண நாளில் ஒன்றேகால் வரை, வெள்ளி, சனி இரண்டேகால் வரை. தவறினால் நொக்திலியன் இரவு பஸ். நவிகோ மாத அட்டை அதிலும் செல்லும், கார் து லெஸ்த் முன்னால் பல வழிகளுக்கும் கிடைக்கும்.