செங்குத்தான பாறை மலைக்கு ஒரு நாள் ட்ரெக்: இறங்குறதுக்கும் சேர்த்து பிளான் பண்ணுங்க

மேப்ல பார்த்தா உச்சி வரைக்கும் வெறும் 2 கிலோமீட்டர்தான் காட்டும், உடனே ஒரு மணி நேரத்துல ஏறிடலாம்னு தோணும். செங்குத்து மலைக்கு அந்த கணக்கு செல்லாது, எவ்ளோ உயரம் ஏறணும்னு பாருங்க. 1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்னிக்கும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூட ஒரு மணி நேரம். அப்போ 2 கிலோமீட்டர்ல 600 மீட்டர் ஏறணும்னா ஒன்றரை மணி நேரம் கிட்ட ஆகும், இது நல்லா நடக்கிறவங்களுக்கு, அதுவும் நிக்காம போனா. புதுசா வர்றவங்க ரெண்டு மடங்கு வச்சுக்கங்க. பாறையா இருந்தா இறங்கவும் அதே நேரம் ஆகும், இதைத்தான் எல்லாரும் மறந்துடுறாங்க.

விடியக்காலையிலயே கிளம்பிடுங்க. இத்தனை மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும்னு கீழயே பேசி முடிவு பண்ணுங்க, மேல போய் உச்சி கண்ணுல பட்டுட்டா யாருக்கும் திரும்ப மனசு வராது. மின்னல் வெட்டி 30 செகண்டுக்குள்ள இடி கேட்டுச்சுன்னா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்குன்னு அர்த்தம், உச்சி பக்கத்துலயே இருந்தாலும் இறங்கிடுங்க.

புது ஷூவை அன்னைக்குத்தான் முதல்ல போடாதீங்க. ரெண்டு நாள் முன்னாடியே கால் நகத்தை வெட்டிடுங்க. என்கூட வந்த ஒருத்தர் இதை விட்டுட்டாரு, இறங்கும்போது கட்டைவிரல் ஷூ முனையில இடிச்சு இடிச்சு நகம் கறுத்து கொஞ்ச நாள்ல கழண்டே விழுந்துடுச்சு. இறங்க ஆரம்பிக்கும் முன்னாடி உக்காந்து, குதிகாலை பின்னாடி நல்லா தள்ளி லேஸை இறுக்கி கட்டுங்க, கால் முன்னாடி சறுக்காது.

ஏறும்போது சின்ன சின்ன எட்டா வைங்க, பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட பேச முடியற வேகம் போதும்.

இப்போ பாறை. ரெண்டு கை ரெண்டு கால், இதுல எப்பவும் மூணு பாறையில இருக்கணும், ஒண்ணுதான் நகரணும். பிடிக்கிற கல்லை முதல்ல தட்டிப் பாருங்க, உள்ள காலியா இருக்கிற மாதிரி சத்தம் வந்தாலோ லேசா ஆடினாலோ வேற கல்லை தேடுங்க. சரிவான பாறையில பயந்து போய் உடம்பை பாறையோட ஒட்டிக்கிட்டா கால் வழுக்கிடும், நிமிர்ந்து நின்னு வெயிட் நேரா பாதத்துல இறங்கினாத்தான் பிடிமானம் கிடைக்கும். தண்ணி கசிஞ்சு கறுப்பா கோடு விழுந்திருக்கிற இடத்தை மிதிக்காதீங்க. காஞ்ச பாறையிலயும் மேல பொடி மணல் இருந்தா காலுக்கடியில உருளும், ஷூவால தள்ளிட்டு வைங்க. உங்க காலடியில கல் உருண்டா உடனே "கல்லு!"னு கத்துங்க, கீழ இருக்கிறவங்க மேல நிமிர்ந்து பாக்காம பாறையோட ஒட்டி நின்னு தலையை மறைச்சுக்கணும்.

ஒரு இடத்துல ஏறும் முன்னாடி இதுல இறங்க முடியுமான்னு யோசிங்க, ஏறுறது எப்பவுமே ஈஸி. அப்பப்போ திரும்பியும் பாருங்க, வரும்போது அதே வழி வேற மாதிரி தெரியும்.

உச்சியில காத்து அடிக்கும், வேர்வையோட நின்னா சட்டுனு குளிரும், அதனால உக்காரும் முன்னாடியே ஜாக்கெட்டை போட்டுடுங்க. மணிக்கு அரை லிட்டர் தண்ணி வேணும், வெயில்னா இன்னும் அதிகம், அதுல பாதி இறங்குறதுக்கு மிச்சம் இருக்கணும்.

இறங்கும்போது முட்டியை லேசா மடக்கியே வைங்க, ரொம்ப செங்குத்தா இருந்தா பாறையை பார்த்து திரும்பி, ஏணியில இறங்குற மாதிரி இறங்குங்க. பையில ஹெட்லைட்டும் விசிலும் கண்டிப்பா இருக்கட்டும். மாட்டிக்கிட்டா ஒரு நிமிஷத்துல ஆறு தடவை ஊதி, ஒரு நிமிஷம் விட்டு மறுபடி ஊதுங்க, பதிலுக்கு மூணு தடவை விசில் வந்தா யாரோ கேட்டுட்டாங்க.

மறுநாள் தொடை வலிக்கும், அதுக்கு அடுத்த நாள் இன்னும் ஜாஸ்தியா இருக்கலாம், இறங்குறப்போ தொடை தசை பிரேக் போட்டதால வர்றது அது, மெதுவா நடந்துக்கிட்டே இருந்தா ரெண்டு மூணு நாள்ல போயிடும்.