வாட்ஸ்அப்ல கருப்பட்டி, அப்பளம் விக்கிறவங்க முதல்ல விலைய போடுங்க

நம்ம திருநெல்வேலி பக்கம் வீட்ல இருந்தே கருப்பட்டி, கல்லிடைக்குறிச்சி அப்பளம், பத்தமடை பாய்னு விக்கிறவங்க இப்ப நிறைய பேரு இருக்காங்க, பொருள் எல்லாம் அருமையா இருக்கு ஆனா விக்கிற விதத்துல தான் ஆர்டர் கைவிட்டு போகுது, அதுக்காகத்தான் இத எழுதுதேன்.

போட்டோ போட்டு "விலைக்கு இன்பாக்ஸ் வாங்க"ன்னு போடாதீங்க. சென்னைல வேலை முடிஞ்சு பஸ்ல போற அக்கா ஒருத்தங்க உங்க போஸ்ட பாக்காங்க, ஊர் ஞாபகம் வந்து வாங்கணும்னு நெனைக்காங்க, விலையக் காணோம், மெசேஜ் போட்டா காலைல தான் பதில் வருது, அதுக்குள்ள அவங்க தெருமுனை கடைலயே வாங்கிருப்பாங்க. ஒரு கிலோ இவ்வளவு, கொரியர் இவ்வளவு, என்னைக்கு அனுப்புவேன், என்னைக்கு கிடைக்கும்னு நாலையும் ஒரே மெசேஜ்ல சொல்லிருங்க. வாட்ஸ்அப் பிசினஸ் ஆப்ல கேட்லாக்னு பொருள் பட்டியல் போடுற வசதி இருக்கு, காசு கிடையாது, அதுல விலையோட ஏத்தி வச்சிட்டா ராத்திரி கேட்டாலும் அவங்களே பாத்துக்கிடுவாங்க.

விலை கூடன்னு பயப்படாதீங்க, ஏன் கூடன்னு காட்டுங்க. கருப்பட்டின்னா, பனைல காலைலயும் சாயந்தரமும் ஏறி பாளை சீவி, புளிக்காம இருக்க கலயத்துல சுண்ணாம்பு தடவி, பதனீர இறக்கி, விறகு அடுப்புல மணிக்கணக்கா காய்ச்சி, செரட்டைல ஊத்தி எடுக்கிற வேலை அது. ஏறுற அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டு அத அப்படியே போன்ல எடுத்து போடுங்க, மியூசிக்கும் வேண்டாம் மினுமினுப்பும் வேண்டாம், அடுப்பு சத்தமே போதும். "100% ஒரிஜினல்"னு சீனி கலக்கிறவனும் தான் எழுதுதான், அதுக்கு பதிலா எந்த ஊர் சரக்கு, எந்த மாசம் காய்ச்சினதுன்னு எழுதுங்க. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு புவிசார் குறியீடு இருக்கு, அதாவது அந்த ஊர் சரக்குக்கு மட்டும் தான் அந்தப் பேருன்னு அரசாங்கம் குடுத்த அங்கீகாரம், வேற ஊர்ல வாங்கிட்டு அந்தப் பேரைப் போடுறது ரொம்ப தப்பு. மழைக்காலத்துல கருப்பட்டி கசியும், சீசன் முடிஞ்சா புதுச் சரக்கு கிடைக்காது, இதையும் முன்னாடியே சொல்லிட்டா அப்புறம் சண்டையே வராது.

அடுத்து கடைப்பேரு. நெல்லையப்பர் கோயில் முன்னாடி இருட்டுக்கடைக்கு சாயந்தரம் ஆனா கூட்டம் நிக்கும், அது அந்த அல்வாவுக்கு நிக்கிற கூட்டம். அதே மாதிரி ஒரு பேர வச்சா நமக்கும் அந்தக் கூட்டம் வந்துரும்னு நெனைக்கிறது நடக்காது. உங்ககிட்ட ஒரு தடவை வாங்கி புடிச்சுப்போனவங்க திருப்பித் தேடும்போது அதே மாதிரி பேர்ல பத்து கடை வந்து நிக்கும், கஷ்டப்பட்டு சம்பாதிச்ச கஸ்டமர் வேற ஆள்கிட்ட போயிருவாங்க. உங்க ஊர் பேரோ வீட்டுப் பேரோ வைங்க. கூகுள் மேப்லயும் அதே பேரு, அதே நம்பர்.

தின்னுற பொருள்னா பாக்கெட்ல 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர், எடை, எம்ஆர்பி, பேக் பண்ண தேதி, எதுவரை வச்சு சாப்பிடலாம், சைவம்னு காட்டுற பச்சைப் புள்ளி, உங்க போன் நம்பர் எல்லாம் இருக்கணும், சின்ன யாவாரம் தானேன்னு விட்றாதீங்க.

தினமும் காலைல குட்மார்னிங் படம் அனுப்பாதீங்க, எரிச்சல்ல பிளாக் பண்ணிருவாங்க. வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்ல, அதாவது ஒரே மெசேஜ நிறைய பேருக்கு தனித்தனியா அனுப்புற வசதில, அனுப்புறது உங்க நம்பர சேவ் பண்ணி வச்சவங்களுக்கு மட்டும் தான் போகும், அதனால முதல் பார்சல்லயே "நம்பர சேவ் பண்ணிக்கோங்க, புதுச் சரக்கு வந்தா மட்டும் சொல்லுதேன்"னு ஒரு சீட்டு வைங்க, சொன்னபடி அப்ப மட்டும் அனுப்புங்க.

அப்பளம் நொறுங்கிப் போச்சுன்னு போட்டோ வந்தா கொரியர்காரன் மேல பழி போட்டு பேசிக்கிட்டு இருக்காதீங்க, "மன்னிச்சுக்கோங்கம்மா, நாளைக்கே வேற அனுப்புதேன்"னு சொல்லி அனுப்பிட்டு, அடுத்த பார்சல்ல இருந்து மேலயும் கீழயும் கெட்டி அட்டை வச்சு கட்டுங்க.