கொச்சி முதல் குமரி வரை: கடல் மேலெழுச்சியின் நீண்டகால மாற்றத்தைக் கணக்கிடுவது எப்படி?

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கொச்சிக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட கரையோரத்தில் மேல்நீர் கடலுக்குள் விலகிப் போக, கீழிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. நெத்திலியும் சாளையும் இதை நம்பித்தான் பெருகுகின்றன. பூமி சூடாகச் சூடாக இந்த மேலெழுச்சி வலுக்கிறதா, தளர்கிறதா என்பதை இலவசத் தரவுகளையும் ஒரு மடிக்கணினியையும் வைத்தே சோதித்துப் பார்க்கலாம். கணக்கு எளிது. தவறான முடிவுக்கு வந்து சேர்வதும் எளிது என்பதால், எங்கே சறுக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

1990இல் ஆண்ட்ரூ பாகுன் என்ற கடலியல் அறிஞர் ஒரு கருதுகோளை முன்வைத்தார்: நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகும், இரண்டுக்கும் இடையிலான காற்றழுத்த வேறுபாடு கூடும், அதனால் கரையோரக் காற்றும் மேலெழுச்சியும் வலுக்கும். 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கலிபோர்னியா, ஹம்போல்ட் (பெரு, சிலி), பெங்குவேலா (தென்மேற்கு ஆப்பிரிக்கா) கரைகளில் காற்று வலுத்திருந்தது. ஐபீரியக் (ஸ்பெயின், போர்ச்சுகல்) கரையில் அப்படி இல்லை. நம் கரையை ஆட்டுவிப்பது பருவக்காற்று. ஆகவே அந்த முடிவுகளை அப்படியே இங்கே பொருத்தாமல் தனியாகக் கணக்கிட வேண்டும்.

காற்றிலிருந்து தொடங்குங்கள்

ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் தளத்தில் ஈஆர்ஏ-5 (ERA5) மறுபகுப்பாய்வுத் தரவு, அதாவது பழைய அளவீடுகளை வானிலை மாதிரியோடு இணைத்துக் கட்டிய தொடர், கிடைக்கும். 10 மீட்டர் உயரக் காற்றின் கிழக்குக் கூறு, வடக்குக் கூறு இரண்டையும் மணிவாரியாக, 0.25 பாகைக் கட்டங்களில் இறக்குங்கள். தரவு 1940 முதல் இருக்கிறது. ஆனால் போக்கைக் கணக்கிட 1979க்குப் பிந்தையதே நல்லது. அதற்கு முன் செயற்கைக்கோள் அளவீடுகள் மிகக் குறைவு. தரவு கூடியதால் வந்த மாற்றத்தைக் காலநிலை மாற்றம் என்று படித்துவிடும் ஆபத்து அங்கே உண்டு. பழைய கப்பல் பதிவுகளிலும் இதே சிக்கல்: கப்பல்கள் பெரிதாகப் பெரிதாகக் காற்றுமானி உயரே போனது, உயரத்தில் காற்று வேகம் கூடுதல் என்பதால் போலி ஏறுமுகம் தெரியும்.

கரையிலிருந்து 50 முதல் 100 கிலோமீட்டர் தள்ளி, நிலம் கொஞ்சமும் கலக்காத கட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். நிலத்தைத் தொடும் கட்டத்தில் உராய்வு அதிகம், காற்று குறைவாகக் காட்டும்.

அடுத்து, காற்று கடல்பரப்பின் மேல் செலுத்தும் இழுவிசை. காற்றின் அடர்த்தி 1.22, இழுவைக் குணகம் 0.0013, வேகத்தின் இருமடி (வர்க்கம்) ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். வினாடிக்கு 7 மீட்டர் காற்றுக்கு, சதுர மீட்டருக்கு 0.078 நியூட்டன் வரும். ஒவ்வொரு மணிக்கும் இழுவிசையைக் கணக்கிட்ட பிறகே மாத சராசரி எடுக்க வேண்டும். 4, 10 என்ற இரு வேகங்களின் சராசரி 7, அதன் இருமடி 49. இருமடிகளின் சராசரியோ 58. முதலிலேயே காற்றைச் சராசரியாக்கினால் இழுவிசை இப்படிக் குறைந்துவிடும்.

இனி கரையின் கோணம். நிலம் இடக்கைப் பக்கம் இருக்கும்படி கரையோரம் நடந்தால் எந்தத் திசையில் போவீர்கள் என்று வரைபடத்தில் பாருங்கள். கொச்சியிலிருந்து திருவனந்தபுரம் வரை அது வடக்கிலிருந்து வலஞ்சுழியாகச் சுமார் 156 பாகை. திருவனந்தபுரத்திலிருந்து குமரி வரை சுமார் 123 பாகை. இழுவிசையின் கிழக்குக் கூறைக் கோணத்தின் சைனாலும், வடக்குக் கூறைக் கோசைனாலும் பெருக்கிக் கூட்டினால் கரையோர இழுவிசை கிடைக்கும். அதைக் கடல்நீர் அடர்த்தி 1025, கோரியாலிஸ் குணகம் (பூமியின் சுழற்சி நகரும் நீரைப் பக்கவாட்டில் திருப்பும் அளவு; அட்சரேகையோடு மாறும்) இரண்டின் பெருக்கலால் வகுத்தால், ஒரு மீட்டர் கரைக்கு வினாடிக்கு எத்தனை கனமீட்டர் நீர் வெளியேறுகிறது என்று தெரியும். இதுவே காற்றுக் குறியீடு.

வேகம் 7 மீட்டர், நேர் மேற்குக் காற்று என்று வைத்துக்கொள்வோம். குளச்சல் அருகே (குணகம் 0.0000208) 100 மீட்டர் கரைக்கு வினாடிக்குச் சுமார் 306 கனமீட்டர் வருகிறது. கொச்சி அருகே (0.0000253) சுமார் 122 மட்டுமே. காற்று ஒன்றுதான், கரை திரும்பும் விதமும் அட்சரேகையும் சேர்ந்து இரண்டரை மடங்கு வேறுபாட்டை உண்டாக்குகின்றன. இந்தக் கரை முழுவதற்கும் ஒரே கோணத்தைப் போட்டவர் கணக்கு முதல் படியிலேயே கெட்டுவிடும்.

காற்று மட்டும் போதாது

கேரளக் கரையில் குளிர்காலத்திலும் காற்றுக்குப் பெரும்பாலும் தெற்கு நோக்கிய கூறு உண்டு. அதன்படி அப்போதும் மேலெழுச்சி இருக்க வேண்டும். ஆனால் இல்லை. கரையோர நீரோட்டம் காற்றை எதிர்த்து வடக்கே ஓடுகிறது, மேல்நீர் கீழே அமிழ்கிறது. வங்காள விரிகுடாவிலிருந்து இலங்கையைச் சுற்றி வரும் கெல்வின் அலைகள் (கரையை ஒட்டியே நகரும் நீண்ட கடலலைகள்) இந்தக் கரையின் நீரடுக்குகளை ஏற்றி இறக்குவதே காரணம். கோடை மேலெழுச்சியிலும் அவற்றுக்குப் பங்குண்டு. குமரி முனையில் உள்ளூர்க் காற்று வலுவானது, அங்கே காற்றுக் குறியீட்டை ஓரளவு நம்பலாம். கொச்சிக்கு வடக்கே போகப் போக அந்த நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

எனவே கடற்பரப்பு வெப்பநிலையையும் எடுக்க வேண்டும். 1981 செப்டம்பர் முதல் நாள்தோறும் கிடைக்கும் ஓஐஎஸ்எஸ்டி (OISST) என்ற செயற்கைக்கோள் வெப்பநிலைத் தரவு போதும். கரையோர வெப்பநிலையிலிருந்து, அதே அட்சரேகையில் 3 முதல் 5 பாகை மேற்கே உள்ள வெப்பநிலையைக் கழியுங்கள். இங்கே ஒரு பெரிய பொறி இருக்கிறது. ஆழ்கடல் பக்கம் வேகமாகச் சூடானால், கரையில் எதுவும் மாறாமலே இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். ஆகவே கழித்த எண்ணோடு இரு பக்கத்து வெப்பநிலைகளையும் தனித்தனி வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். பருவமழை மேகங்கள் அகச்சிவப்புக் கருவியை மறைக்கும் என்பதால், தரவில் இட்டு நிரப்பிய நாட்கள் பல இருக்கும். ஒரு நாள் குளிரை நம்பாமல் மாத சராசரியை எடுங்கள்.

மூன்றாவது சாட்சி கடல்மட்டம். மேலெழுச்சி நடக்கும்போது கரையோரம் மட்டம் தாழும். கொச்சியில் 1939 முதல் அளவீடு உண்டு. நீண்டகாலக் கடல்மட்ட உயர்வு குறுக்கிடாமல் இருக்க, ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி மட்டத்திலிருந்து ஆகஸ்ட்–செப்டம்பர் மட்டத்தைக் கழித்து அந்த வித்தியாசத்தையே தொடராக்குங்கள். காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் மட்டம் சுமார் 1 சென்டிமீட்டர் ஏறும்; அதைத் திருத்த வேண்டும். கடல்மட்ட அளவி காயலுக்குள் இருப்பதால் மழைவெள்ளமும் மட்டத்தை உயர்த்தும். பெருவெள்ள ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

போக்கைச் சோதிப்பது

ஜூன்–செப்டம்பர் சராசரியை ஆண்டுக்கு ஓர் எண்ணாக்கி, சென் சரிவும் (ஆண்டுக்கு எவ்வளவு மாற்றம் என்பதன் மதிப்பீடு) மான்–கெண்டல் சோதனையும் (அந்த மாற்றம் தற்செயலா என்று பார்ப்பது) போடுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை மறக்க வேண்டாம். 45 ஆண்டுத் தரவில் ஓராண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள ஒட்டுறவுக் குணகம் 0.3 என்றால், உண்மையில் தனித்து நிற்கும் தரவு 24 ஆண்டுகளுக்குச் சமம். பிறகு தொடக்க ஆண்டை 1982, 1985, 1990 என்று மாற்றிப் பாருங்கள். சரிவின் குறியே மாறினால், நீங்கள் பார்ப்பது பத்தாண்டு அலைவாக இருக்கலாம். வெப்பமாதல் என்று எழுதிவிடாதீர்கள்.

காற்றுக் குறியீடு ஏறியும் கரை குளிரவில்லை என்றால், நீரடுக்கைப் பாருங்கள். மேல்நீர் சூடாகி இலேசானால் அடுக்குப் பிரிவு இறுகும். அதே காற்று ஆழம் குறைந்த, சத்துக் குறைந்த நீரையே மேலே கொண்டுவரும். கடலில் மூழ்கி எழுந்து வெப்பநிலையையும் உப்பையும் அளக்கும் ஆர்கோ மிதவைகளின் தரவில் மேற்பரப்புக்கும் 100 மீட்டருக்கும் உள்ள அடர்த்தி வேறுபாட்டை எடுத்தால் இது புலப்படும். மிதவைகள் கரைத்திட்டுக்குள் (கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதி) அரிதாகவே வருவதால், திட்டின் விளிம்புக்கு வெளியே உள்ள அளவீடுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மீன்பிடிப்பு எண்ணிக்கையை மேலெழுச்சிக்குச் சான்றாக வைக்க வேண்டாம். கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன்னாக இருந்த சாளைப் பிடிப்பு 2021இல் 4,000 டன்னுக்கும் கீழே போனது. அதில் குஞ்சு மீன் பிடிப்பு, படகுகளின் எண்ணிக்கை, மழை, வெப்பம் எல்லாம் கலந்திருக்கின்றன. அதை வைத்து மேலெழுச்சி நின்றுவிட்டது என்று சொன்னால், உண்மைக் காரணத்தைத் தேட வேண்டிய இடத்தில் தேடாமல் போவோம்.