கர்னல் நெட்வொர்க் கோடில் எந்த லாக்?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு லினக்ஸ் நெட்வொர்க் மாட்யூல் எழுதும் தம்பி தங்கைகளே, லாக்கை (ஒரே தரவைப் பலர் ஒரே நேரத்தில் மாற்றிக் குழப்பாமல் காக்கும் பூட்டை) தேர்ந்தெடுக்கும் முன் இதைக் கேளுங்கள்: இந்தத் தரவை எந்தெந்தச் சூழலிலிருந்து தொடுகிறோம்?

பாக்கெட் உள்ளே வரும் பாதை பெரும்பாலும் சாஃப்ட்ஐஆர்க்யூவில், அதாவது ஹார்டுவேர் இன்டரப்ட் தள்ளிவைத்த வேலையைக் கர்னல் முடிக்கும் சூழலில் ஓடுகிறது. அங்கே தூங்கக் கூடாது, அதனால் லாக் கிடைக்கும்வரை தூங்கவைக்கும் மியூடெக்ஸ் ஆகாது. அதே தரவை சிஸ்டம் கால் (புரோகிராம் கர்னலைக் கூப்பிடும் வழி) வழியாகவும் தொடுகிறீர்களா? அந்தப் பக்கம் ஸ்பின்லாக்கின் (தூங்காமல் சுற்றிச் சுற்றிக் காத்திருக்கும் லாக்) 'பிஹெச்' வகையை எடுங்கள், அது அந்த சிபியுவில் சாஃப்ட்ஐஆர்க்யூவைத் தடுத்துவைக்கும். வெறும் ஸ்பின்லாக்கைப் பிடித்திருக்கும்போது அதே சிபியுவில் சாஃப்ட்ஐஆர்க்யூ குறுக்கே வந்து அதே லாக்கைக் கேட்டால், அந்த சிபியு அங்கேயே மாட்டிக்கொள்ளும். ஹார்டுவேர் இன்டரப்ட்டும் தொட்டால், அந்த சிபியுவில் இன்டரப்ட்டையே தடுத்துவைக்கும் 'ஐஆர்க்யூசேவ்' வகை.

ரவுட்டிங் டேபிள் மாதிரி ஓயாமல் படித்து, எப்போதாவது மாற்றும் தரவுக்கு ஆர்சியுதான் (பழையதைத் தொடாமல் புதிய பிரதி எழுதி மாற்றிவைக்கும் முறை) என் தேர்வு. படிக்கும் பக்கம் மற்றவர்களுக்காகக் காத்திருப்பதே இல்லை. எழுதுபவர்களுக்குள் மட்டும் ஒரு லாக் வேண்டும். பழைய பிரதியைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எல்லாரும் முடித்த பிறகே அதை விடுவிக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

வெறும் பாக்கெட் எண்ணிக்கைக்குப் பொது லாக் எதற்கு? கல்லணையில் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரிவதுபோல சிபியுவுக்கு ஒரு கவுன்ட்டர் வையுங்கள், கேட்கும்போது கூட்டிக்கொள்ளலாம்.

டெஸ்ட் கர்னலில் லாக்டெப்பை (லாக் பயன்பாட்டைச் சரிபார்க்கும் கர்னல் கருவி) இயக்கியே ஓட்டுங்கள். லாக் எடுக்கும் வரிசை முரண்பட்டால், டெட்லாக் (ஒன்றுக்காக ஒன்று காத்து எல்லாம் நின்றுபோவது) நிகழும் முன்பே எச்சரித்துவிடும்.